கனடாவில் ஓடாத டிவிடி

“தம்பி, நீங்கள் தந்த டிவிடி இங்க ஓடுதில்லை” என்று கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஓர் அன்ரி சொன்னால், “ஓடுதில்லை எண்டால் என்ன நடக்குது அன்ரி?” என்றுதான் நான் முதலில் கேட்பேன். பிளேயர் டிஸ்கையே ஏற்கவில்லையா? ஏற்றும் படம் நிறமில்லாமல் மேலும் கீழும் உருளுகிறதா? நன்றாக ஓடிவந்து தாலி கட்டுகிற இடத்தில் சிக்கி நிற்கிறதா? படம் முன்னால் போக, சத்தம் பின்னால் வருகிறதா? வீட்டுக்காரருக்கு எல்லாமே ஓடாத டிவிடிதான். திருத்துகிறவருக்கோ அவை நாலும் நாலு வேறு இடங்களில் பிறக்கிற பழுதுகள். எந்த இடம் என்று பிடிக்காமல் இன்னொரு டிஸ்க் எழுதி அனுப்பினால், அதே பழுதுதான் திரும்பவும் போய்ச் சேரும்.

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் கலியாணவீடு, சாமத்தியவீடு, அரங்கேற்றம், அந்தியேட்டி வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். “இந்தக் காலத்திலும் டிவிடியா?” என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கேட்கிறவர்களின் அப்பம்மாவிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அவருக்கு யூடியூப் இணைப்பு வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். டிஸ்கைப் போட்டால் பேத்தியின் நடனம் வரவேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் நசுங்கிப்போன துண்டுகளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும் முதியவர்கள் இருக்கிற வரைக்கும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய்விட்டன. விண்டோஸ் விஸ்டாவிலும் 7 இலும் கூடவே வந்த விண்டோஸ் டிவிடி மேக்கர், 2012 இல் வந்த விண்டோஸ் 8 இல் இல்லை. ஆப்பிளின் ஐடிவிடி 2011 முதல் புதிய மெக் கணினிகளில் வருவது நின்றது. டிவிடி கட்டும் அடோபி என்கோர் சிஎஸ்6 பதிப்போடு முடிந்துபோனது. விண்டோஸ் மூவி மேக்கரைத் தந்த எசென்ஷியல்ஸ் தொகுப்புக்கு 2017 ஜனவரியோடு ஆதரவு இல்லை. இன்று பலர் இலவசமாகப் பாவிக்கும் டாவின்சி ரிசால்வ் தொகுப்புக்கு அருமையானது, ஆனால் அது டிவிடி கட்டித் தராது. ஆகவே வேலை மூன்று மென்பொருள்களுக்கு இடையே பிரிந்து நிற்கிறது: ஒன்றில் வெட்டி ஒட்டுவது, இன்னொன்றில் டிவிடிக்குரிய வீடியோ வடிவமான எம்பெக்-2 ஆக மாற்றி மெனு கட்டுவது, மூன்றாவதில் டிஸ்கில் எழுதுவது. இரண்டாவதற்கு நான் பாவிப்பது டிவிடி ஸ்டைலர், மூன்றாவதற்கு இம்ஜ்பேர்ன். இம்ஜ்பேர்னின் கடைசிப் பதிப்பு 2013 இல் வந்தது. இன்றும் அதைவிட நம்பிக்கையான ஒன்று என் கண்ணில் படவில்லை.

இப்படிப் பிரிந்து கிடப்பது தொல்லைபோலத் தெரிந்தாலும் பழுது பார்க்கிறவருக்கு அதில்தான் பிடி இருக்கிறது. தொகுக்கும் மென்பொருளிலிருந்து நேரே டிஸ்குக்கு எழுதும் வசதியை நான் தொடுவதில்லை. முதலில் ஹார்ட் டிஸ்கில் டிஸ்கில் போகப்போகிற முழுவதையும் அடக்கிய ஓர் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, அதை விஎல்சி பிளேயர் மென்பொருளில் திறந்து, மெனுவிலிருந்து கடைசி அத்தியாயம் வரை தட்டிப் பார்ப்பேன். அங்கேயே சத்தம் பிந்தினால் டிஸ்கையும் ரைட்டரையும் குறைசொல்லிப் பயனில்லை. பழுது அதற்கு முந்திய படியில், தொகுப்பிலோ மாற்றத்திலோ இருக்கிறது. அங்கே சரியாக ஓடி டிஸ்கில் மட்டும் சிக்கினால் டிஸ்க், எழுதிய வேகம், ரைட்டர், பிளேயர் இந்த நாலுக்குள் தேடினால் போதும். ஒரே சோதனையில் தேடவேண்டிய இடம் பாதியாகிவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: விஎல்சி எதையும் பொறுத்துக்கொள்ளும். அது ஓட்டிக் காட்டியதைச் சாதாரண பிளேயரும் ஓட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் மலிவான பழைய பிளேயர் ஒன்றை வேலைமேசையில் வைத்திருப்பது நல்லது. அது ஓட்டினால் எதுவும் ஓட்டும்.

இனிக் கனடாவுக்கு வருவோம். எங்களுடைய ஊர் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், தொலைக்காட்சி பால் (PAL) முறை: விநாடிக்கு 25 படம், 720×576 புள்ளிகள். வட அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், டிவிடியும் பழைய டிவிகளும் என்டிஎஸ்சி (NTSC) முறை: விநாடிக்கு 29.97 படம், 720×480 புள்ளிகள். எங்களுடைய பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். அங்கே விற்ற பிளேயர்கள் பல பால் டிஸ்கை ஏற்கா, ஏற்றாலும் டிவி ஏற்காது. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சூரிச் உறவுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, கொழும்பில் ஓடுவது அங்கேயும் ஓடும். ஆகவே ஓடர் எடுக்கும்போதே எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பலர் இதை ரீஜன் கோட் பிரச்சினை என்று நினைத்து “ரீஜன் ஃப்ரீ” ஆக்கித் தாருங்கள் என்கிறார்கள். ரீஜன் கோட் என்பது கடையில் விற்கும் திரைப்பட டிஸ்குகளுக்குப் போடும் பூட்டு. நாங்கள் வீட்டில் எழுதும் டிஸ்கில் அது இருப்பதே இல்லை. பூட்டைத் திறந்தாலும் 25 படம் 29.97 ஆகாது.

மாற்றும் வழியில்தான் கொடுமை நடக்கிறது. சுலபமான ஒரு வழி, 25 படத்தில் ஓடுவதை 23.976 ஆக மெதுவாக்கி, மீதியைப் பிளேயரே நிரப்பிக்கொள்ள விடுவது. படம் மிகத் தெளிவாக இருக்கும், அசைவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் எல்லாம் நூற்றுக்கு நாலு பங்கு மெதுவாகிவிடும். கதை பேசும் படத்துக்கு அது தெரியாமல் போகலாம். அரங்கேற்றத்துக்கு அதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். சத்தத்தையும் அப்படியே மெதுவாக்கினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை இறங்கிவிடும். இரண்டு மணித்தியால நிகழ்ச்சி ஐந்து நிமிடம் நீளும். ஏழு வருடம் பழகிய பிள்ளை மூன்றாம் காலத்தில் ஆடிய ஜதி தளர்ந்து வரும். குருவின் தட்டுக்கழிச் சத்தமும் பிந்தி வரும். சுருதியை மட்டும் மென்பொருளால் மேலே தூக்கலாம், காலப்பிரமாணத்தைத் தூக்க முடியாது. அந்த டிஸ்கைப் பார்க்கிற சங்கீதம் தெரிந்த பெரியப்பா ஒருவர், பிள்ளை தாளத்தில் சோம்பலாய் ஆடினாள் என்று நினைத்தால் அந்தப் பழி யாரைச் சேரும்?

எனவே ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நேரத்தைத் தொடக்கூடாது. பழைய ஹாண்டிகேம் பதிவுகளில் விநாடிக்கு 50 அரைப் படங்கள் இருக்கின்றன. ஃபீல்ட் என்று சொல்வது அதைத்தான். முதலில் அந்த 50 ஐயும் 50 முழுப் படங்களாக விரித்து, அதிலிருந்து என்டிஎஸ்சிக்கு வேண்டிய 59.94 ஃபீல்ட்களை எடுத்தால் கைவீச்சு ஓரளவு இயல்பாக வரும். வெறுமனே 25 ஐ 29.97 என்று அமைப்பில் மாற்றிவிட்டு ஏற்றுமதி செய்தால், அவ்வப்போது ஒரு படம் இரண்டுமுறை வந்து, நடக்கிறவர்கள் தெத்தித் தெத்தி நடப்பார்கள். நேரம் பிடித்தாலும் முதலாவது வழியே சரி. வீட்டில் புதிய டிவி இருக்கிறதென்றால் நான் டிவிடியோடு ஒரு பென் டிரைவும் கொடுக்கிறேன். எம்பி4 கோப்பில் 25 படமாகவே இருந்தாலும் பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகள் ஓட்டிவிடும். பென் டிரைவ் ஃபாட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஃபீல்ட் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. மினி டிவி நாடாக்களில் கீழ் ஃபீல்ட் முதலில் வரும், பின்னால் வந்த ஏவிசிஎச்டி கமெராக்களில் மேல் ஃபீல்ட் முதலில் வரும். இரண்டையும் ஒரே தொகுப்பில் போட்டு ஏதாவதொரு அமைப்பில் ஏற்றுமதி செய்தால் ஒரு பகுதி நன்றாக ஓடும், மற்றது அசையும்போதெல்லாம் முன்னும் பின்னும் துடிக்கும். கணினித் திரையில் இது தெரியாமல் போகலாம், பழைய டிவியில் கண்ணைக் குத்தும். டிஸ்கை மாற்றியும் பிளேயரை மாற்றியும் தீராத நடுக்கம் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கைப்பேசிக் காட்சிகளைச் சேர்ப்பதில் வேறு வகைத் தொல்லைகள். இப்போது எந்தக் கலியாணவீட்டிலும் தங்கச்சியோ மச்சானோ எடுத்த துண்டுகள் வந்து சேர்கின்றன, அவற்றில்தான் உயிருள்ள காட்சிகளும் இருக்கின்றன. ஆனால் கைப்பேசி ஒரே சீராக விநாடிக்கு இத்தனை படம் என்று எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் படங்களையும் குறைக்கும். தொகுப்பு மென்பொருள்கள் பல இதைச் சரியாகக் கையாளுவதில்லை. தொடக்கத்தில் வாயும் சொல்லும் ஒத்திருக்கும், பத்து நிமிடம் போனதும் பிரிந்துவிடும். சத்தத்தைக் கையால் தள்ளித் தள்ளி ஒட்டுவது தீர்வே அல்ல. தொகுப்பில் போடுமுன் ஹாண்ட்பிரேக் மென்பொருளில் மாறாத படவேகத்துக்கு மாற்றி எடுத்தால் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும். ஐபோனின் எச்இவிசி என்ற புதிய சுருக்கமுறைக் கோப்புகளைப் போட்டதும் பழைய கணினி இறுகி நின்றுவிடுகிறது என்பவர்களுக்கும் இதே மருந்துதான்: எச்.264 என்ற பழைய சுருக்கமுறைக்கு மாற்றிவிட்டுத் தொகுக்கலாம். சத்தம் பிந்துவதற்கு இன்னொரு காரணம் 44.1 கிலோஹேர்ட்ஸ், அதாவது சத்தத்தை விநாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளந்து பதிந்தது என்ற கணக்கு. சீடியிலிருந்து எடுத்த நாதஸ்வரம் 44.1 இல் இருக்கும், டிவிடிக்கு 48 வேண்டும். தொகுப்புக்குள் கொண்டுவரும்போதே 48 ஆக்கிவிடுவது நல்லது.

எடுக்கும்போதே தவிர்க்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக் குழாய் விளக்கின் கீழே கைப்பேசியில் விநாடிக்கு 30 படம் என்று எடுத்தால் படம் மினுமினுக்கும். எங்களுடைய மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது, 30 அதோடு ஒத்துப்போகாது. 25 படம், ஷட்டர் விநாடியில் 50 இல் ஒரு பங்கு என்று வைத்தால் மினுக்கம் நின்றுவிடும். ஐபோனில் பால் வடிவங்களைக் காட்டும் தெரிவு செட்டிங்ஸில் இருக்கிறது. தொகுப்பில் இந்த மினுக்கத்தை முழுதாக எடுக்க வழியில்லை.

தமிழ்த் தலைப்பு எழுதுவது தனி அத்தியாயம். மணமக்கள் பெயரை யூனிகோடில் தட்டினால் சில மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும், ஒகரம் மூன்று துண்டாக உடையும். எங்களுடைய ஸ்டூடியோக்களில் இன்றும் பாமினி எழுத்துருவை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தை வைத்த பழைய முறை என்பதால் எந்த மென்பொருளும் அதைக் குழப்புவதில்லை. பிரீமியர் புரோவில் கிராபிக்ஸ் விருப்பங்களுக்குள் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை எடுத்தால் யூனிகோடும் ஒழுங்காக வரும். அது ஒத்துவராத பழைய பதிப்பென்றால், தலைப்பை வேறொரு மென்பொருளில் எழுதிப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து போடலாம். எழுத்தைத் திரையின் விளிம்போடு ஒட்டி வைக்கக்கூடாது, நாலு பக்கமும் பத்தில் ஒரு பங்கு விட வேண்டும். பழைய டிவிகள் ஓரத்தை வெட்டிவிடும், பெயரின் முதலெழுத்து போய்விடும். கோப்புகளுக்கும் ஃபோல்டர்களுக்கும் தமிழில் பெயர் வைப்பதையும் டிவிடி வேலையில் தவிர்க்கச் சொல்வேன். பழைய மென்பொருள்களில் சில அந்தப் பெயரைப் படிக்க முடியாமல், காரணம் சொல்லாமலே மூடிக்கொள்ளும். டிஸ்கின் பெயரும் அப்படித்தான்: ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு, அதற்கு மேல் வேண்டாம்.

“தாலி கட்டுகிற இடத்தில் சிக்குது” என்ற முறைப்பாடு தற்செயல் அல்ல. அதற்குக் கணக்கு உண்டு. டிஸ்கில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் கணினி காட்டுவது 4.37 தான். இரண்டும் ஒரே அளவை இரண்டு விதமாக எண்ணியது. அதை இரண்டு மணித்தியாலத்துக்குப் பங்கிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் வரும். சத்தத்துக்கும் மெனுவுக்கும் போகப் படத்துக்கு 4.8 வைக்கலாம். மூன்று மணித்தியாலத்தைத் திணித்தால் 3.2 தான் மிஞ்சும். மணமகன் தனியே இருக்கும் காட்சிக்கு அது போதும். கெட்டிமேளம் முழங்கும்போதோ எல்லாரும் எழும்புகிறார்கள், அட்சதை பறக்கிறது, ஓமப்புகை சுழல்கிறது, படம் பிடிக்கிறவர்களின் பிளாஷ் வரிசையாக மின்னுகிறது. முழு வீடியோவிலும் எம்பெக்-2 க்கு மிகக் கடினமான சில விநாடிகள் இவை. பிட் குறைவாக இருந்தால் மணமக்களின் முகம் கட்டங்கட்டமாக உடையும். அதற்குப் பயந்து அளவுக்குமேல் கூட்டினால் வேறு சிக்கல். டிவிடிக்குப் படத்தின் உச்சம் 9.8 மெகாபிட், படமும் சத்தமும் சேர்ந்து 10.08. வீட்டில் எழுதிய டிஸ்கை அந்த வேகத்தில் படிக்கப் பல பிளேயர்கள் திணறும், அப்படித் திணறி நிற்பதும் இதே இடத்தில்தான். நான் உச்சத்தை 8 க்கு மேலே விடுவதில்லை. இரண்டு தரம் அலசும் மாறுவேக முறையைத் தெரிவுசெய்தால், மென்பொருள் முதற்சுற்றில் எங்கே அசைவு அதிகம் என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் அங்கே கூடுதலாகக் கொடுக்கும். நேரம் இரட்டிப்பாகும். அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். சத்தத்தைச் சுருக்காமல் பிசிஎம் ஆக வைத்தால் அது மட்டும் 1.5 மெகாபிட் தின்னும். ஏசி-3 என்ற சுருக்கிய வடிவமாக்கினால் 0.2 போதும், மிச்சம் படத்துக்குக் கிடைக்கும். நீண்ட நிகழ்ச்சியை இரண்டு டிஸ்காகப் பிரிப்பதே என் தெரிவு. 8.5 ஜிபி இரட்டைப் படை டிஸ்க் விலையும் கூட, பழைய பிளேயர்களில் படை மாறும் இடத்தில் நிற்கவும் செய்யும்.

எழுதுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்கில் 16 மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் 8 இல் எழுதலாம். மிக மெதுவாக எழுதினால் இன்னும் நல்லது என்பதும் சரியல்ல, வேகமாக எழுதவென்று செய்த சாயம் 1 அல்லது 2 இல் சிலவேளை மோசமாகப் பதியும். எழுதி முடிந்ததும் சரிபார்ப்பைக் கட்டாயம் ஓட விட வேண்டும். டிஸ்குக்கு ஏற்ற லேசர் வலுவைப் பிடிக்க முடியவில்லை என்று சொல்லும் பவர் கலிபரேஷன் பிழை வந்தால் முதலில் வேறு வகை டிஸ்கைப் போட்டுப் பார்க்கலாம், அதிலும் வந்தால் பெரும்பாலும் ரைட்டரின் லேசர் களைத்துவிட்டது. கடலுக்கும் காலி வீதிக்கும் இடையில் வசிக்கிறவர்களின் ரைட்டர்கள் உப்புக்காற்றில் விரைவாகப் பழுதாவதைக் காண்கிறேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் யூஎஸ்பி ரைட்டர் இன்னும் கிடைக்கிறது, அதை உறையில் போட்டு மூடி வைக்கலாம். யூபிஎஸ் இல்லாமல் எழுதவே கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தை மறந்தவர் இல்லை. எழுதுகையில் மின்சாரம் போனால் அந்த டிஸ்க் போனதுதான், மறுபடி எழுத முடியாது. மணமக்கள் படம் போட்ட ஒட்டும் தாளை டிஸ்கில் ஒட்டித் தரச் சொல்வார்கள், அதை மறுத்துவிடுகிறேன். எங்களுடைய புழுக்கத்தில் தாள் இழுத்து டிஸ்க் வளையும், சமநிலை கெட்டுக் கடைசி அத்தியாயங்கள் படிக்காமல் போகும். படத்தை அச்சடிக்கக்கூடிய வெள்ளை முகப்பு டிஸ்குகள் இருக்கின்றன, அவற்றில் அச்சடிக்கலாம்.

இவ்வளவும் புதிதாக எழுதுவதைப் பற்றியது. எனக்கு அதைவிடக் கவலை, அலுமாரிகளில் கிடக்கும் பழைய டிஸ்குகளைப் பற்றி. எழுதும் டிவிடியில் பதிவு நிற்பது ஒரு கரிமச் சாயத்தில். வெயிலும் வெக்கையும் ஈரமும் அதைக் கொல்லும், இந்த மூன்றும் கொழும்பில் வருடம் முழுக்க உண்டு. 1983 ஜூலையில் கொழும்பிலும், 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலும் அல்பங்களை இழந்த வீடுகள் எத்தனை! அப்படிப்பட்ட வீடுகளில் 2000 களில் எழுதிய ஒரு டிவிடிதான் அம்மம்மா நடந்து பேசிச் சிரிக்கும் ஒரே சான்றாக இருக்கும். அது பிளேயரில் சிக்குகிறது என்று தூக்கி எறிய வேண்டாம், திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டியும் பார்க்க வேண்டாம்.

முதலில் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக்கூடாது. பிறகு பிளேயரை விட்டுவிட்டுக் கணினி ரைட்டரில் போட்டுப் பார்க்கலாம். ஒரு ரைட்டர் படிக்காததை இன்னொன்று படிக்கும், ஆகவே நண்பர்களிடம் இருப்பதையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது வீண்போகாது. சாதாரணமாகப் பிரதி எடுக்கப்போனால் கணினி ஒரு பிழையில் நின்றுவிடும். டிடிரெஸ்கியூ போன்ற மீட்பு மென்பொருள் அப்படி நிற்காது. படிக்கக்கூடியதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, படிக்காத இடங்களைக் குறித்துவைத்துப் பின்னால் மீண்டும் முயலும். அதே பதிவேட்டோடு டிஸ்கை வேறொரு ரைட்டருக்கு மாற்றி, விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். டிவிடி ரெக்கோர்டரில் நேரே பதிந்து, கடைசியில் மூடி முடிக்காமல் விட்ட டிஸ்க் என்றால் கணினி அதை வெற்று டிஸ்க் என்று சொல்லும். உள்ளே எல்லாம் இருக்கும். அதே ரெக்கோர்டர் இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யலாம், இல்லாவிட்டால் ஐசோபஸ்டர் மென்பொருளால் எடுக்கலாம்.

எடுத்த ஐஎஸ்ஓவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இடம் மிச்சம் பிடிக்க அதை எம்பி4 ஆக்கிவிட்டு மூலத்தை அழிக்க வேண்டாம். 4.37 ஜிபி இன்றைய ஹார்ட் டிஸ்குக்கு ஒன்றுமே இல்லை. பார்ப்பதற்கென்று ஒரு எம்பி4 தனியாக எடுத்துக் குடும்பக் குழுவில் போடுங்கள், 50 ஃபீல்டையும் 50 படமாக விரித்து எடுத்தால் கைப்பேசியிலும் நன்றாக இருக்கும். மூல ஐஎஸ்ஓவின் ஒரு பிரதி கொழும்பில் இருக்கட்டும், இன்னொன்று கடல் கடந்த உறவொருவரிடம் இருக்கட்டும். அந்தப் பிரதி பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ போகிறபடியால் பால் முறையா என்டிஎஸ்சி முறையா என்ற கேள்வி அதற்கு இல்லை.